தொடை நரம்பும் எஸ்டேட் திடலும்

கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் வந்துகொண்டிருந்தேன். எதிரே ஐம்பது வயதைத் தாண்டிய நண்பர்கள் இருவர். ஒருவரிடம் ஊன்றுகோல்.

“முட்டியில அறுந்துபோன நரம்புக்குப் பதிலா, தொடை நரம்ப வெட்டி வெச்சிருக்காங்க லா,” என்றார் ஊன்றுகோல்காரர். “ஒன்பது மாசம், ஜனவரி வரைக்கும் பந்தையே தொடக்கூடாதாம். தீபாவளி ஃபுட்பால் போச்சு.”

“நம்ம எஸ்டேட் ஆளுங்க ஒண்ணா சேர்றதே அந்த ஒரு நாளுதானே.”

“பழைய திடல் ஞாபகமிருக்கா? ரெண்டு ரப்பர் மரந்தான் கோல் போஸ்ட்டு.”

“இப்ப அங்க இருபது மாடி கோண்டோ நிக்குது.”

“சரி, நீங்க ஆடுங்க. நான் ஓரமா ஒக்காந்து பாக்கறேன்.”

நண்பர் கைப்பேசியை எடுத்து ஏதோ தட்டி அனுப்பினார்.

“மேட்ச பொங்கலுக்கு மாத்தியாச்சு. நீ இல்லாம பெனல்டிய வெளிய அடிக்க யாரு லா இருக்கா?”