டீத்தண்ணியில் முக்கிய வெள்ளை

அண்ணி: கதவைச் சாத்து.

நாத்தனார்: சாத்தினா இஸ்திரிச் சூட்டுல ரெண்டு பேரும் வெந்துடுவோம் அண்ணி.

அண்ணி: வேகலாம். சாத்து. இந்த நர்ஸ் உடுப்பு என்ன நிறம்?

நாத்தனார்: இதென்ன கேள்வி... வெள்ளை.

அண்ணி: ஜன்னல்கிட்ட கொண்டுபோய்ப் பார்த்துட்டுச் சொல்லு.

நாத்தனார்: கொஞ்சம்... பழைய வெள்ளை.

அண்ணி: ரெண்டு மாசத்துல பழசாயிடுச்சா? சரி, மோந்து பாரு.

நாத்தனார்: ஐயோ, அந்த நர்ஸ் வேஷக்காரப் பொண்ணு போட்டு வேர்த்த துணியைப் போய்...

அண்ணி: மோந்து பாருன்னேன்.

நாத்தனார்: ...சோப்பு வாசனை.

அண்ணி: டீத்தூள்! கண்ணுக்குப் பிடிபடலை, மூக்குக்குப் பிடிபட்டுடுச்சு. நாடகத் துணியை டீத்தண்ணியில முக்கினது யாரு? இந்த ரூம் சாவி உன் இடுப்பைத் தவிர வேற எங்கயும் தொங்கலை.

நாத்தனார்: டீ குடிச்சுக்கிட்டே இஸ்திரி போட்டேன்... கொட்டிடுச்சு.

அண்ணி: எட்டுக் கட்டில் விரிப்பு, மூணு டாக்டர் கோட்டு, பத்துத் தலையணை உறை. எல்லாத்துலயும் ஒரே சீரா கொட்டிச்சா? அபாரமான கைதான்!

நாத்தனார்: தையல்காரி கையில்ல? சீராத்தான் கொட்டும்.

அண்ணி: சிரிக்காதே. மேடை போட்டு வெளிச்சம் அமைக்க வந்து முப்பத்தியொரு வருஷம். இது நாப்பத்தொன்பதாவது நாடகம். அம்பதாவது எனக்கா, இல்ல வேற ஆளுக்கான்னு இன்னிக்கு அஞ்சு மணிக்கு டைரக்டர் பலகையில ஒட்டப் போறார். இந்த நேரம் பார்த்து என் வெள்ளையைக் கெடுத்து வச்சிருக்கே. யார் சொல்லிச் செஞ்சே?

நாத்தனார்: யாரும் சொல்லலை.

அண்ணி: ஷோவுக்கு ஷோ ஆஸ்பத்திரி வார்டுக்கே மஞ்சக்காமாலை வந்த மாதிரி தெரியுது. நானும் விளக்குல நீலத் தாளை மாத்தி மாத்திச் சொருகி, தலையைப் பிச்சுக்கிட்டு—

நாத்தனார்: நீங்க நீலத்தை ஏத்தினதாலதான் நான் டீத்தூளை ஏத்தினேன்!

அண்ணி: என்னது?

நாத்தனார்: மேடையில ஒரு மூஞ்சியில உயிரில்லை அண்ணி. எல்லாம் செத்த நீலம். துணியாவது கொஞ்சம் சூடா இருக்கட்டும்னு ஒரு முக்கு முக்கினேன். அடுத்த ஷோவுல பார்த்தா இன்னும் நீலம். அதான் இன்னொரு முக்கு...

அண்ணி: நீ முக்கினா எனக்கு மஞ்சளாத் தெரியும். நான் நீலம் போடுவேன். நான் போட்டா நீ திரும்பவும் முக்குவே... அடிப்பாவி, பதினோரு ஷோ!

நாத்தனார்: டீத்தூளே ரெண்டு கிலோ ஆச்சு.

அண்ணி: முன்வரிசையில ஒருத்தர், நோயாளிங்களை மீன் தொட்டித் தண்ணிக்குள்ள போட்டிருக்கான்னு கேட்டாராமே?

நாத்தனார்: அது நாலாவது ஷோ. ஒன்பதாவதுல கேட்கவே இல்லை, எழுந்து போயிட்டாங்க.

அண்ணி: இதை என் மூஞ்சிக்கு நேரா சொல்றதுக்கு என்ன?

நாத்தனார்: தச்சர் ஒரு தடவை மேடைத் தூண் சாய்ஞ்சிருக்குன்னு உங்க மூஞ்சிக்கு நேராத்தான் சொன்னார். அவரோட எத்தனை நாள் பேசாம இருந்தீங்க?

அண்ணி: அந்தத் தூண் சாய்ஞ்சுதான் இருக்கணும். அது இடியப் போற வீடு.

நாத்தனார்: எத்தனை நாள்?

அண்ணி: ...நாலு மாசம்.

நாத்தனார்: அவர் வேற வீட்டுல இருக்கார், தப்பிச்சார். நான் உங்க கையால சாப்பிடறவ.

அண்ணி: பேச்சை மாத்தாதே. மொத ரெண்டு ஷோவும் நல்லாத்தானே இருந்தது? நீயே பின்னாடி நின்னு கை தட்டினே. மூணாவதுலதான் எல்லாம் கெட்டுது. அதுக்கு முன்னாடி நாலு நாள் காணாமப் போனே. சிநேகிதி மகளுக்குக் கல்யாணம்னே. கல்யாணத்துக்குப் போனவ எதுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு வந்தே?

நாத்தனார்: அங்க... வெயில் ஜாஸ்தி.

அண்ணி: வீட்டுக்குள்ளயுமா வெயில்? யாரைப் பார்க்கப் போனே? என் இடத்துக்கு ஆள் பிடிக்க டைரக்டர் அனுப்பினாரா?

நாத்தனார்: அண்ணி, ஒரே ஒரு பல்பையும் ஒரு சல்லடையையும் வச்சு மரத்தடி நிலாவைக் காட்டினீங்களே, உங்க மொத நாடகம். அதைப் பார்த்துட்டு, அண்ணனுக்குக் கட்டினா இவங்களைத்தான் கட்டணும்னு வீட்டுல சண்டை போட்டவ நான். என்கிட்டயா இதைக் கேட்கிறீங்க?

அண்ணி: உருக்காதே. திங்கட்கிழமை அரை மணி நேரம் டைரக்டர் ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு என்ன பேசினே? மறுநாளே ஒருத்தி அளவு நாடாவோட வந்து நிக்கிறா. என்னைப் பார்த்ததும் சுருட்டிக்கிட்டு அவர் ரூமுக்குள்ள நுழைஞ்சுட்டா. என் மேடையை அளக்கத்தானே வந்தா?

நாத்தனார்: துணி நாடாவா, இரும்பு நாடாவா?

அண்ணி: துணி நாடாதான்... கழுத்துல தொங்கவிட்டிருந்தா.

நாத்தனார்: துணி நாடாவுல யாராவது மேடையை அளப்பாங்களா? அவ நடிகருங்களை அளக்க வந்தவ அண்ணி. எனக்குப் பதிலா.

அண்ணி: துணி சரியில்லேன்னா... ஆளையே மாத்திடுவாரா?

நாத்தனார்: துணி சரியில்லேன்னு அவர் சொன்னதா நான் சொல்லவே இல்லையே.

அண்ணி: நீதானே இவ்வளவு நேரம் டீத்தூள் டீத்தூள்னு... சரி, அவர்கிட்ட என்னதான் சொன்னே?

நாத்தனார்: வார்டு ஏன் இப்படி அழுது வடியுதுன்னு கேட்டார். துணிதான் சார் காரணம், நான் சாயம் போட்டுக் கெடுத்துட்டேன், அண்ணிக்கு எதுவும் தெரியாதுன்னேன்.

அண்ணி: அப்படியா சொன்னே? ஏன்?

நாத்தனார்: வெளிச்சம்தான் தப்புன்னு சொன்னா அம்பதாவது உங்க கைக்கு வருமா?

அண்ணி: என் வெளிச்சத்துல தப்பில்லை!

நாத்தனார்: தப்பு இருக்கு அண்ணி. இதுல மட்டும் இல்ல. போன நாடகம், அதுக்கு முந்தினது... போட்டோவெல்லாம் எடுத்துப் பார்த்தேன். கொஞ்சம் கொஞ்சமா நீலம் ஏறிக்கிட்டே வந்திருக்கு.

அண்ணி: அப்போ ஒத்திகையில பக்கத்துல உட்கார்ந்து சரி சரின்னு தலையாட்டினது யாரு, உன் ஆவியா?

நாத்தனார்: எனக்கும் அப்போ சரியாத்தான் தெரிஞ்சுது. அந்த நாலு நாள்... கல்யாணமெல்லாம் ஒண்ணுமில்லை. இடது கண்ணுல புரை எடுத்துட்டு வந்தேன்.

அண்ணி: ஆபரேஷனா? கூடப் பொறந்த அண்ணனுக்குக் கூட சொல்லாம?

நாத்தனார்: அவருக்குச் சொன்னா அன்னிக்கே ஊருக்குச் சொன்ன மாதிரி. கண்ணு போன தையல்காரின்னு பேர் வந்தா அப்புறம் யார் கூப்பிடுவாங்க?

அண்ணி: தனியாவா போனே...

நாத்தனார்: பக்கத்துக் கட்டில்காரம்மா பேச்சுத் துணைக்கு இருந்தாங்க. அதை விடுங்க. வலது கண்ணு இன்னும் அப்படியேதான் இருக்கு, பழைய புரையோட, எல்லாத்தையும் மஞ்சளாக் காட்டிக்கிட்டு. வலதை மூடிட்டு இடதால பார்த்தா மேடை முழுக்க நீலம். இடதை மூடிட்டு வலதால பார்த்தா, அடேயப்பா, நீங்க போட்ட வெளிச்சம் கச்சிதமா இருக்கு. ஒரு குறை சொல்ல முடியாது.

அண்ணி: அதுக்கு?

நாத்தனார்: புரியுதா அண்ணி? என் வலது கண்ணு எப்படியோ, உங்க ரெண்டு கண்ணும் அப்படி. இத்தனை வருஷம் ரெண்டு பேரும் ஒண்ணா உட்கார்ந்து ஒண்ணாத் தப்பாப் பார்த்திருக்கோம்.

அண்ணி: மெதுவாப் பேசு.

நாத்தனார்: நீங்கதானே கதவைச் சாத்தச் சொன்னீங்க, யாருக்குக் கேட்கப் போகுது? அம்பதாவது ஆரம்பிக்க ரெண்டு மாசம் இருக்கு. டாக்டர்கிட்ட காட்டிடலாம். வலிக்காது, நானே கூட வரேன். எனக்கு இனிமே இங்க என்ன வேலை?

அண்ணி: டைரக்டரைப் போய்ப் பார்த்து, எல்லாத்தையும் நீயே எடுத்துச் சொல்லேன்.

நாத்தனார்: எதுக்கு? ஒரு பழிதானே, என் தலையிலயே கிடக்கட்டும். ஆனா ஒண்ணு அண்ணி, அதான் எனக்கு இன்னும் விளங்கலை. முப்பது வருஷமா என் தையல்ல ஒரு இழை பிரிஞ்சதில்லை. நான் துணியைக் கெடுத்துட்டேன்னதும் மனுஷன் ஒரு கேள்வி கேட்கணுமே? ம்ஹூம். தெரியும் தெரியும்னு தலையாட்டறார். எனக்கு முன்னாடியே யாரோ போய்ச் சொல்லி வச்ச மாதிரி... என்ன அண்ணி, ஏன் உட்கார்ந்துட்டீங்க? யார் சொல்லியிருப்பாங்க?

அண்ணி: நான்தான்... ரெண்டு கண்ணுலயும் புரைன்னு டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு ஆறு மாசமா என் கைப்பையில இருக்கு. திங்கட்கிழமை காலையில, அந்தப் பையை மடியில வச்சுக்கிட்டே, எல்லாத்துக்கும் உன் துணிதான் காரணம்னு அவர்கிட்ட சொல்லிட்டு வந்தேன்.