ஜானவியின் அசல் நிறம்

பட்டாபி: அசையாதே... இதோ, இன்னும் ஒரே ஒரு நிமிஷம்.

ஜானவி: ஏன்னா, காபி குடிக்கறச்சேலேர்ந்து இதையேதான் சொல்லிண்டிருக்கேள்.

பட்டாபி: ஆச்சு, எடுத்தாச்சு. ம்...

ஜானவி: என்ன ம்? காமிங்கோ.

பட்டாபி: வேண்டாம்.

ஜானவி: காமிங்கோன்னா! ...ஐயோ, ராமா! என்னன்னா இது, நீலமா இருக்கேன்?

பட்டாபி: பகவான் நிறம்டி. பத்மநாபனுக்குக் கூடப்பொறந்தவ மாதிரி இருக்கே.

ஜானவி: வலியசாலை அக்ரஹாரம் முழுக்கச் சிரிக்கும். பேங்க்லேர்ந்து ரிட்டயரான அப்பாவுக்குப் பொழுது போகட்டும்னு பிள்ளை கேமரா வாங்கி அனுப்பினான். போறதென்னமோ என் பொழுதுதான்.

பட்டாபி: இதுல கஸ்டம் வொயிட் பேலன்ஸ்னு ஒண்ணு இருக்காக்கும். நம்ம ஹால்ல ஒரு பக்கம் மஞ்ச பல்பு, ஒரு பக்கம் ட்யூப்லைட், போறாததுக்கு நடுமுத்தத்து வெயில். கேமராவுக்கு மண்டை குழம்பிப் போறது. நாமளே ஒரு வெள்ளைச் சாமானை அது முன்னால நீட்டி, ‘இதாண்டா வெள்ளை’ன்னு சொல்லிக் குடுக்கணும். மத்த நிறமெல்லாம் தானா சரியாயிடும்.

ஜானவி: நீங்க எதை நீட்டினேள்?

பட்டாபி: ஓணத்துக்கு எடுத்த கசவு முண்டு, அந்த ஜரிகைக்கரை வேஷ்டி.

ஜானவி: அது வெள்ளையா?

பட்டாபி: இந்த ஊர்ல அதான் வெள்ளை.

ஜானவி: பால்ல டிக்காஷன் சொட்டின நிறம் அது! அதை வெள்ளைன்னு சொன்னா, கேமரா என் மூஞ்சிலேர்ந்து அத்தனை மஞ்சளையும் வழிச்சு எடுத்துடாதோ? நீலம்தானே மிஞ்சும்?

பட்டாபி: அட... உனக்கு யாரு சொன்னா?

ஜானவி: நீங்க பாக்கற மலையாள யூட்யூப்காரன் கத்தறது அடுக்களை வரைக்கும் கேக்கறது. போய் நல்ல வேஷ்டியா எடுத்துண்டு வாங்கோ. திங்கக்கிழமைக்குள்ள எடுத்தாகணும்.

பட்டாபி: திங்கக்கிழமை உனக்கு ஆபரேஷன். அதுக்கும் போட்டோவுக்கும் என்ன?

ஜானவி: ஒண்ணுமில்லை. மகளிர் சமாஜத்துல ஐடி கார்டுக்குக் கேட்டா.

பட்டாபி: ஐடி கார்டுக்கு வைரத்தோடா? அரக்குப் பட்டா?

ஜானவி: அங்க எல்லாரும் அப்படித்தான்... வேஷ்டி எங்க?

பட்டாபி: இந்தா. பளபளன்னு இருக்கு பாரு. நெஞ்சுக்கு நேரா விரிச்சுப் பிடி. ஆச்சு. இப்போ அதை வச்சுட்டுச் சிரி.

ஜானவி: வயத்துல கட்டியை வச்சுண்டு எங்கேர்ந்து சிரிக்க?

பட்டாபி: டாக்டர் பயப்பட ஒண்ணுமில்லைன்னு சொன்னாரோன்னோ... எடுத்துட்டேன்.

ஜானவி: காமிங்கோ... சிவசிவா! இப்போ மஞ்சக்காமாலை!

பட்டாபி: மங்களகரமாத்தான் இருக்கு.

ஜானவி: செவுத்துல மாட்டினா, வரவா போறவா எல்லாரும் நான் ஈரல் கெட்டுத்தான் போயிட்டேன்னு நினைச்சுப்பா!

பட்டாபி: செவுத்துலயா? சமாஜத்து ஐடி கார்டை என்னத்துக்குச் செவுத்துல மாட்டறே?

ஜானவி: ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

பட்டாபி: நன்னா இருக்கு பேச்சு! பேப்பர்ல காலமானார்னு கறுப்பு வெளுப்புலதான் போடுவேன், கேட்டியா? நீலமும் தெரியாது, மஞ்சளும் தெரியாது.

ஜானவி: பேப்பர் மறுநாள் பஜ்ஜி எண்ணெய் ஒத்தப் போயிடும். செவுத்துல இருக்கறதுதான் நிக்கும். உங்கம்மா படத்தைப் பாருங்கோ, பாஸ்போர்ட் போட்டோவைப் பெரிசு பண்ணி மாட்டி... பாவம், இன்னும் விசா கிடைக்காத மாதிரியே முழிச்சிண்டிருக்கா. எனக்கு அந்தக் கதி வேண்டாம். என் நிறம் என் நிறமா, என் புடவை என் புடவையா ஒரு படம். அதுகூடக் கேக்கக் கூடாதா?

பட்டாபி: ஆபரேஷன் பண்ணிண்டவா எல்லாரும் செத்தா போயிட்டா? வாயை அலம்பு.

ஜானவி: சாகறதை அப்பறம் பாத்துக்கலாம். வேஷ்டியை ஏன் சுருட்டி மறைக்கறேள்? குடுங்கோ... ஏன்னா! நான் நீலம் முக்கி உலர்த்தின வேஷ்டின்னா இது!

பட்டாபி: அதான் பளபளன்னு...

ஜானவி: நீலத்தை வெள்ளைன்னு சொன்னா, மூஞ்சியை மஞ்சள்ல தள்ளாம என்ன பண்ணும்? கள்ளநோட்டைத் தொட்டுப் பாத்தே பிடிச்ச ஆசாமிக்கு இது தெரியலையாக்கும்?

பட்டாபி: வயசாயிடுத்துடி.

ஜானவி: வயசு! இருங்கோ, வரேன்... இந்தாங்கோ.

பட்டாபி: என்னது, பூஜைத் தட்டு?

ஜானவி: விபூதி. தட்டு நிறையப் பரத்தியிருக்கேன். வெள்ளையைவிடச் சாம்பல் நிற அட்டைதான் கேமராவுக்கு உத்தமம், வாங்குங்கோ, வாங்குங்கோன்னு அந்த யூட்யூப்காரன் தொண்டை கிழியக் கத்தறான். நம்மாத்துல சாம்பலுக்கா பஞ்சம்?

பட்டாபி: இன்னிக்குச் சாம்பல் வேண்டாம் ஜானு.

ஜானவி: பல்பை அணைச்சாச்சு, ட்யூபை அணைச்சாச்சு. முத்தத்து வெயில் போறும். எடுங்கோ.

பட்டாபி: பேட்டரி போயிடுத்து.

ஜானவி: காலம்பற நான்தான் சார்ஜ் பண்ணி வச்சேன்.

பட்டாபி: மெமரி கார்டு... நிறைஞ்சுடுத்து.

ஜானவி: என்னத்தை எடுத்தேள் நிறையறதுக்கு? இப்படிக் குடுங்கோ.

பட்டாபி: அதெல்லாம் பாக்காதே, ஜானு!

ஜானவி: ...சேனைக்கிழங்கு நறுக்கறேன். துணி உலர்த்தறேன். தூங்கறேன்! வாயைப் பொளந்துண்டு தூங்கறதையா எடுப்பா, வெக்கங்கெட்ட மனுஷா? ...ஏன்னா, இதுல நிறமெல்லாம் அச்சு அசலா இருக்கே.

பட்டாபி: கேமரா வந்த கையோட கத்துண்டாச்சு.

ஜானவி: பின்ன இன்னிக்கு என்னத்துக்கு இத்தனை கூத்து?

பட்டாபி: எங்கப்பா பட்டுக்கரை வேஷ்டி கட்டிண்டு ஸ்டூடியோவுல ஜம்முனு ஒரு படம் எடுத்துண்டார். கொஞ்ச நாள்ல போயிட்டார். அத்திம்பேரும் அப்படியேதான். நம்மாத்துல அலங்காரம் பண்ணிண்டு உக்காந்து போட்டோ எடுத்துண்டவா யாரும் தங்கலை. சிரிக்காதே. எனக்குப் பயம்மா இருக்குடி. நீ ஆபரேஷன் முடிஞ்சு ஆத்துக்கு வா, அப்பறம் ராணியாட்டம் உக்கார வச்சு எடுக்கறேன்.

ஜானவி: அசடு... நீங்க எடுக்க மாட்டேள்னு தெரிஞ்சுதான், நேத்தே சாலை பஜார் ஸ்டூடியோவுல போய் எடுத்துண்டு வந்துட்டேன்.

பட்டாபி: ஐயையோ! எடுத்தாச்சா?

ஜானவி: பதறாதேங்கோ. ஜம்முனு வரலை, பிசாசாட்டமா வந்திருக்கு. நூறு வயசு நிச்சயம்.

பட்டாபி: அப்போ இன்னிக்கு எதுக்குடி பட்டைக் கட்டிண்டு இத்தனை நேரம் என் முன்னால உக்காந்திருந்தே?

ஜானவி: நான் முழிச்சுண்டிருக்கறச்சே நீங்க என் மூஞ்சியை இத்தனை நேரம் பாத்ததே இல்லையேன்னா.