எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம்

— கொஞ்சம் நகருக்கா. வேற சீட்டு இல்ல.

— கோர்ட்டுல எதிர்ப்பக்கம் நின்ன. இப்ப பஸ்ஸுல பக்கத்துல உக்காருறியா நாகரத்தினம்?

— மேல போற கடைசி பஸ்ஸு இதான். நிக்கச் சொன்னா நின்னுட்டே வர்றேன்.

— உக்காரு. என்னமோ போ. சண்டை போடக்கூட தெம்பு இல்ல. இங்கிலீசுல பேசினது ஒண்ணும் வெளங்கல. கேஸு தள்ளிட்டாங்கன்னு மட்டும் எங்க வக்கீல் சொன்னாரு. உன் லோரி மோதித்தானே என் வீட்டுக்காரரு செத்தாரு? அதுகூடவா இல்லன்னுட்டாங்க?

— அதைப் பத்திப் பேசவே இல்லக்கா. தாப்பா கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லையாம். தாப்பா பேராக் மாநிலத்துல இருக்கு. மச்சான் விழுந்த எடம் பகாங் மாநிலம். அந்த மாநிலத்து ரவுப் கோர்ட்டுலதான் போடணுமாம்.

— ரவுப்பா? நம்ம மலைலேருந்து இந்த ரோட்டுலதானே எறங்கணும்? தாப்பா வந்து, தஞ்சோங் மாலிம் போயி, சுத்திக்கிட்டு மறுபடி ஒரு மலை ஏறணும். எல்லைக் கோடு போட்டவன் ரோட்டைப் பாக்கலையா?

— பாக்கல லா.

— அவரு செத்து மூணு வருசம் ஆகப்போகுது, இதைச் சொல்ல எழுபத்தொம்பது வரைக்கும் இழுக்கணுமா? ஒவ்வொரு தடவையும் லீவு கேட்டு அந்தக் கங்காணிகிட்ட என்ன பேச்சு வாங்கினேன் தெரியுமா? சரி, கேஸுதான் முடிஞ்சு போச்சே. அதுக்கப்புறமும் ரெண்டு வக்கீலும் கத்திக்கிட்டாங்களே, எதுக்கு?

— செலவுக்கு. தப்பான கோர்ட்டுக்கு இழுத்தது நீ, அதனால எங்க பக்கத்துச் செலவை நீதான் கட்டணும்னு என் லோரி இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் கேட்டாரு. உன் வக்கீல் விடல. கேஸை எடுக்கவே அதிகாரம் இல்லாத கோர்ட்டு, செலவை மட்டும் எப்படிக் கட்டச் சொல்லும்னாரு.

— நல்லாத்தானே கேட்டிருக்காரு.

— ஜட்ஜு ஒத்துக்கல. அதிகாரம் இருக்கா இல்லையான்னு பாக்குறதுக்கே இவ்வளவு செலவாயிருச்சு, அதை யாரு கட்டணும்னு நான் சொல்லலாம்னுட்டாரு.

— அப்ப நான் கட்டணுமா? தேயிலைக் கொழுந்து பறிச்சு மக நீலாவதியைப் படிக்க வைக்கவே மூச்சு வாங்குதுடா.

— கட்ட வேணாம்க்கா.

— நீ எந்திரிச்சு மலாய்ல என்னமோ சொன்னியே, அதுக்கப்புறம்தான் எல்லாரும் அடங்கினாங்க.

— பேப்பர்ல என் பேருதானே இருக்கு. செலவுக் காசு எனக்கு வேணாம் துவான், அவங்க என் கூடப் பொறந்த அக்கான்னு ஜட்ஜுகிட்ட சொன்னேன்.

— வெளிய வந்து அந்தக் கம்பெனி வக்கீல் வெரலை நீட்டி நீட்டிப் பேசினானே?

— அதை விடு.

— நாகு. என்னைப் பாத்துச் சொல்லு.

— கம்பெனி பேச்சை மீறிட்டேனாம். நாளைக்கு நீ ரவுப்ல ஜெயிச்சா உனக்குக் குடுத்துடுவாங்களாம். குடுத்ததை என்கிட்ட வசூல் பண்ணுவாங்களாம். லோரி, கோலா தெர்லாவுல இருக்கிற கோஸ் தோட்டம், எல்லாம் போயிரும்.

— அட பாவி.

— வெளிய பாக்காதக்கா. எல்லைக் கல்லு வருது.

— பாப்பேன். இங்கதானே? பஸ்ஸு கெட்டுப்போயி ரோட்டோரமா நின்னுக்கிட்டிருந்த மனுசன். கொஞ்சம் கீழ தள்ளி நின்னிருந்தா பேராக்.

— பிரேக்கு புடிக்கலக்கா.

— தெரியும்டா. உன் மேல கோவத்துல நான் கேஸு போடல. போட்டாத்தான் கம்பெனிக்காரன் காசு தருவான்னு சின்னையா சொன்னாரு. தோட்டத்து யூனியன் தலைவரு அவரு, சொன்னா கேக்கணும்ல? யூனியன் வக்கீலே வருவாரு, நீ ஒண்ணும் குடுக்க வேணாம்னாரு. அன்னிலேருந்து நீ என் லைன் வீட்டுப் பக்கமே வரல. தீவாளிக்குக்கூட வரல.

— எதிராளிகிட்டப் பேசக்கூடாதுன்னு கம்பெனில சொல்லிட்டாங்க.

— நான் எதிராளி. ம். போதும்டா. ரவுப்பும் வேணாம் ஒண்ணும் வேணாம். உன் தோட்டத்தைப் புடுங்கித் தின்னா எனக்கு செரிக்குமா? நான் ஓஞ்சு போயிட்டேன்.

— அப்படிச் சொல்லாத. அடுத்த மாசத்தோட கேஸு போடுற கெடு முடியுது. நீ ரவுப் போற. வக்கீல்கிட்ட எல்லாம் பேசியாச்சு.

— யாரு பேசினா? சின்னையாவா?

— நான்.

— உன் மேல கேஸு நடத்துற வக்கீல்கிட்ட நீயே போயிப் பேசினியா? யூனியன்காரங்க என்ன நெனப்பாங்க?

— யூனியன்ல இந்த மாதிரி கேஸு எடுக்க மாட்டாங்கக்கா. என் பேரைச் சொன்னா நீ ஒத்துக்க மாட்டேன்னுதான் சின்னையாவை அப்படிச் சொல்லச் சொன்னேன். நீ ரவுப் வரைக்கும் அலைய வேணாம், தாப்பாவுலயே போடுங்கன்னு கெஞ்சினதும் நான்தான். கோர்ட்டுல என் பக்கம் நின்னவன் கம்பெனி ஆளு. உன் பக்கம் நின்னவருதான் நான் வச்ச வக்கீல்.