கவனக்குறைவு என்று எழுதாதீர்கள்

உங்கள் ஸ்டேஷன் வண்டி ஸ்டார்ட் ஆகும்போது இருமுகிறது, சார். ஏர் ஃபில்டரைக் கழற்றி நாலு தட்டு தட்டிப் போட்டாலே சரியாகிவிடும். அதற்குப் போய் எவனாவது கார்புரேட்டரையே மாற்ற வேண்டும் என்றால் நம்பி ஏமாந்துவிடாதீர்கள். வாசலில் உட்கார்ந்திருந்தபோது காதில் விழுந்தது, சொல்லிவிட்டேன்.

நான் வந்தது வேறு விஷயமாக. நேற்று என் வொர்க்ஷாப்பில், வாடிக்கைக்காரர்கள் முன்னால், என் தங்கை முன்னால், மாப்பிள்ளை செத்ததற்குக் காரணம் மெக்கானிக்கின் கவனக்குறைவு என்று சத்தமாகச் சொன்னீர்கள். அது தப்பு. என் தொழிலில் யாரும் என்னைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. அதைத் திருத்திவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன். எப்படிச் செய்தேன் என்று வரிசையாகச் சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள்.

மாப்பிள்ளை என்றால் என் தங்கை புருஷன். கல்யாணமான கையோடு என்னிடம் வேலைக்குச் சேர்ந்தான். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் நாக்கு அழுகிப்போகும். குடிக்க மாட்டான், பொய் சொல்ல மாட்டான், தங்கையை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. வண்டி விட வருகிறவர்கள் எல்லாரும், ஊரே சேர்ந்து பெண் கொடுத்த மாதிரி, அவனை மாப்பிள்ளை என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். அவனுக்குக் காது நல்ல காது. ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையை ஓடுகிற இன்ஜின்மேல் நகர்த்திக்கொண்டே போய், கோளாறு இருக்கிற இடத்தைச் சொல்லிவிடுவான். தப்பாகச் சொன்னால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஒவ்வொரு தடவையும் சரியாகச் சொல்லித் தொலைப்பான்.

எனக்கு இங்கே கைராசிக்காரர் என்று பெயர். அது சும்மா வரவில்லை. ஸ்பார்க் பிளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சில சுற்றுகளை விரலால்தான் ஏற்ற வேண்டும். அது தானாக வழுக்கிக்கொண்டு இறங்கிய பிறகுதான் ஸ்பேனரைத் தொட வேண்டும். பிளக் இரும்பு, அது உட்காரும் இன்ஜின் ஹெட் அலுமினியம். இரண்டும் மல்லுக்கு நின்றால் அலுமினியம்தான் தோற்கும். இதை நான் வேலைக்கு வந்த ஒவ்வொருவனிடமும் காதில் ரத்தம் வருகிற வரைக்கும் சொல்லியிருக்கிறேன்.

மரக்கடைக்காரரின் லாரி உங்களுக்குத் தெரியும், உங்கள் கொட்டகையில்தான் நிற்கிறது. லாரியில் ஏது ஸ்பார்க் பிளக் என்று கேட்காதீர்கள். அது பழைய பெட்ரோல் வண்டி, மனிதர் அதை விற்க மாட்டேன் என்று தலைமேல் வைத்துக்கொண்டு ஆடுகிறார். போன மாதம் அதற்குப் புதுப் பிளக் போட்டது நான். அன்றைக்கு மாப்பிள்ளை ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தான். வண்டி விட வந்தவர்கள் எல்லாரும் அவனைச் சுற்றி நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு வயிறெரிந்தது. இரண்டாவது பிளக்கை விரலால் ஏற்றவில்லை, நேரே ஸ்பேனரைப் போட்டேன். கொஞ்சம் முரண்டு பிடித்தது. நான் விடவில்லை.

வண்டி திரும்பி வந்தபோது இன்ஜினில் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம். ஏற்றத்தில் இழுக்கவில்லை என்றார் மரக்கடைக்காரர். நான் பெல்ட்டைப் பார்த்தேன், வால்வைச் சந்தேகப்பட்டேன். மாப்பிள்ளை குழாயைக் காதில் வைத்தான்.

"மச்சான், ரெண்டாவது பிளக்குல காத்து ஒழுகுது."

சோப்புத் தண்ணீர் விட்டேன். பிளக்கின் அடியில் நுரை பொங்கியது. கழற்றினால், அலுமினியச் சீவலைச் சுற்றிக்கொண்டு வந்தது. டார்ச்சடித்து இரண்டு பேரும் ஓட்டைக்குள் பார்த்தோம். அதிகமாக இறுக்கியிருந்தால் ஓட்டையின் உள்சுவரில் இருக்கிற திருகுமரை மொத்தமாக இழுபட்டு வரும். கோணலாக ஏற்றியிருந்தால் வாயிலேயே பழைய மரையை வெட்டிக்கொண்டு குறுக்கே ஒரு கோடு ஓடும். அந்தக் கோடு இருந்தது. அவன் என்னைப் பார்த்தான், நான் ஓட்டையைப் பார்த்தேன்.

"யாரு பாத்த வேலைங்க இது?" என்று கேட்டார் மரக்கடைக்காரர். அவருடைய லோடுமேன் நின்றிருந்தான், பக்கத்துக் கடை வெல்டர் நின்றிருந்தார். என் மானம் கப்பலேறப்போகிறது என்று தெரிந்தது.

"நான்தாங்க," என்றான் மாப்பிள்ளை. "அவசரத்துல கொஞ்சம் கூடுதலா இறுக்கிட்டேன். மச்சான் இருக்காரு, சரிபண்ணிக் குடுத்துடுவாரு."

மரக்கடைக்காரர் கோபப்பட்டாரா என்றால், இல்லை. முதுகில் ஒரு தட்டு தட்டி, "அட விடு மாப்ள, இதுக்கெல்லாமா மூஞ்சியத் தொங்கப் போடுவ?" என்று டீ வாங்கிக் கொடுத்தார். தப்பை ஒத்துக்கொண்டதற்கு டீ. எனக்கும் ஒன்று வந்தது, அவன் சொல்லி.

சார், இதற்குப் பிறகு அவன் என்ன செய்திருக்க வேண்டும்? மனிதன் என்றால் வீட்டுக்குப் போய் என் தங்கையிடம் சொல்லியிருப்பான். சாப்பிடும்போது ஒரு நக்கலாவது அடித்திருப்பான். சம்பளத்தை ஏற்றிக் கேட்டிருப்பான். நான் எதிர்பார்த்துக்கொண்டே இருந்தேன். அவன் மூச்சு விடவில்லை. தங்கைக்கே தெரியாது என்று அவள் பேச்சிலிருந்து புரிந்தது. கை கழுவும் இடத்தில் ஒரே ஒரு தடவை, மண்ணெண்ணெய் டப்பாவை என் பக்கம் நகர்த்திவிட்டு, "மனசுல வெச்சுக்காதீங்க மச்சான், யாருக்கும் நடக்கறதுதான்," என்றான். யாருக்கும். எனக்கும் யாருக்கும் ஒன்று என்கிறான். அவன் சொல்லிக் காட்டியிருந்தால் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பான். எனக்கு ஒன்றும் கல்நெஞ்சு இல்லை.

இப்போது வேலைக்கு வருவோம். மரை போன பிளக் ஓட்டையைச் சரிசெய்ய ஒழுங்கான வழி ஒன்று இருக்கிறது. பிஸ்டனைக் கீழே இறக்க வேண்டும். மரை வெட்டுகிற கருவியில் கெட்டியாக கிரீஸ் தடவினால் சீவல் உள்ளே விழாமல் அதில் ஒட்டிக்கொள்ளும். அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால் என்று நிதானமாக வெட்டி, ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கி, அதற்குள் எஃகுக் கம்பிச்சுருள் ஒன்றை ஏற்றினால், அதன் உள்பக்கம் புது மரையாகிவிடும். பழையதைவிட உறுதி. நான் அத்தனையும் செய்தேன். உங்கள் ஆளை விட்டு ஓட்டையை அளந்து பார்க்கச் சொல்லுங்கள், ஒரு முடி அளவு கோணல் இருக்காது.

சுருளை மட்டும் போடவில்லை. அதோ, உங்கள் மேஜையில் வைத்திருக்கிறேன் பாருங்கள், அதுதான். பெரிதாக்கிய ஓட்டையில் பிளக் லொடலொடவென்று ஆடியது. சுற்றிலும் இரும்புப் பசையை அடைத்து, காய விட்டு, மேலே துடைத்தேன். பார்த்தால் யாருக்கும் தெரியாது. சும்மா ஓடும்போது தாங்கும். இன்ஜின் சூடாகி, ஒரு மிதி மிதித்தால் தாங்காது.

மரக்கடைக்காரர் எதிர்ச்சாரியில் டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் வண்டியை நன்றாகச் சூடேற விட்டேன். பிறகு சீட்டில் இருந்தபடியே கூப்பிட்டேன்.

"மாப்ள, ரெண்டாவதுல சத்தம் போயிடுச்சான்னு காது குடுத்துப் பாரு."

வந்தான். இந்த வேலைக்கு நான் அவனைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. சந்தோஷப்பட்டான் சார், முகத்திலேயே தெரிந்தது. குழாயை எடுத்துக்கொண்டு பிளக்குக்கு நேர் மேலே குனிந்தான். "சுத்தமா இருக்கு மச்சான், உங்க கைராசியே தனி," என்று கத்தினான். நான் ஆக்சிலரேட்டரை மிதித்தேன்.

பிளக் குண்டு மாதிரி பிய்த்துக்கொண்டு வந்து அவன் நெற்றிப்பொட்டில் பட்டது. நான் முதலில் இன்ஜினை அணைத்தேன். பிளக் இல்லாத சிலிண்டரை ஓட விடக் கூடாது. இறங்கிப் போய்ப் பார்த்தபோது அவனுக்கு ஒன்றும் செய்வதற்கில்லை.

இதில் கவனக்குறைவு எங்கே இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள். பசை எவ்வளவு, சூடு எவ்வளவு, அவன் தலை எங்கே வரும் என்று எல்லாம் கண்ணும் கருத்துமாகப் பார்த்துச் செய்த வேலை. நீங்கள் பொத்தாம்பொதுவாக ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். நேற்று மாலையே மரக்கடைக்காரர் தன் இன்னொரு வண்டியை வேறு வொர்க்ஷாப்புக்கு ஓட்டிப்போனார். வெல்டர் என்னைப் பார்த்து உச்சுக் கொட்டுகிறார். தங்கை அழுது வீங்கிய முகத்தோடு வந்து என் தட்டில் சோறு போட்டு, "நீங்க வேணும்னா செஞ்சீங்கண்ணே? கை தவறிடுச்சு. என்ன பண்றது, சாப்பிடுங்க," என்றாள். என் கை தவறியதாம். பெற்றவர்கள் போன பிறகு நான் வளர்த்த பெண், அவளே சொல்கிறாள். தட்டைத் தள்ளி வைத்தேன் சார். எழுந்து நேரே இங்கே வந்துவிட்டேன்.

ஆகவே வேண்டுமென்றே கொன்றான் என்று எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன், எந்தக் கோர்ட்டிலும் மாற்றிச் சொல்ல மாட்டேன். தங்கைக்கும் நீங்களே சொல்லிவிடுங்கள், என் கை தவறவில்லை என்று.

ஒன்றே ஒன்று. அந்த மரையை முதலில் கெடுத்தது யார் என்று ஒரு இடம் வரும். அங்கே மட்டும் மாப்பிள்ளை என்றே போட்டுவிடுங்கள். நாலு பேர் முன்னால் அவன் வாயாலேயே ஒத்துக்கொண்டது. செத்தவன் சொல்லை நாம் பொய்யாக்கக் கூடாது.