அவரைப் பந்தலில் தூவிய கிராஃபைட்

என் பெயர் கமலாத்தாள், வயது 54, கணவர் பெயர் பெரியமுத்து. பாலக்காடு மாவட்டம், வேலந்தாவளம் அருகே தோட்டத்தில் குடியிருந்து விவசாயம் செய்கிறேன். மலையாளம் நன்றாகவே பேசுவேன். ஆனால் கோபத்தில் தமிழ்தான் வரும். இன்று கோபமாக இருப்பதால் இந்த வாக்குமூலத்தைத் தமிழிலேயே எழுதிக்கொள்ளப் போலீஸ்காரரிடம் சொன்னேன்.

என் வேலிக்கு அந்தப்பக்கம் மௌனிகா என்ற பெண் ஒரு ஷெட் நடத்தி வருகிறார். பழைய போன், ஸ்கூட்டர் பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் கறுப்புப் பொடியைக் கழுவிக் காயவைக்கிற வேலை. தண்ணீர் காய்ச்சும் அடுப்பின் சாம்பலை மூட்டை கட்டி வேலியோரக் கல்லின்மேல் வைத்துவிடுவார்கள். நான் அதை எடுத்துக்கொண்டு, அதே கல்லில் ஒரு தூக்கு மோர் வைப்பேன். இதில் கேள்வி, பேச்சு எதுவும் கிடையாது. அவரையில் பூச்சி விழாமல் இருக்கச் சாம்பல் தூவுவது எங்கள் வழக்கம்.

நேற்றுக் காலையும் கல்லின்மேல் மூட்டை இருந்தது, எடுத்துக்கொண்டு மோர் வைத்தேன். அதன் பிறகு பாதி மூட்டையைப் பந்தலில் தூவினேன். இலையெல்லாம் எவர்சில்வர் போல மின்னியது. நல்ல விறகு எரித்திருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டேன். அதன் பிறகு ஒரு பிடி எடுத்துச் சொம்பு விளக்கினேன். சாம்பல் என்றால் நறநறவென்று இருக்கவேண்டும். இது வழவழவென்று இருந்ததுடன், சொம்பு நழுவி என் கால்மேலேயே விழுந்தது. விளக்கிய இடம் முன்பைவிடக் கறுப்பாக இருந்தது.

இன்று காலை மீதி மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய், "ஏனுங்க, இது என்ன சாம்பலுங்க?" என்று மௌனிகாவைக் கேட்டேன். அவர் மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "ஐயோ அக்கா, இது சாம்பலில்லீங்க, கிராஃபைட்டுங்க! புது பேட்டரிக்குள்ள போடறதுக்குச் சுத்தம் பண்ணி வெச்சதுங்க. இதக் காணோம்னு நான் புகார் குடுத்துத்தான் போலீஸ்ல ஜிபினப் புடிச்சு வெச்சிருக்காங்க" என்றார்.

ஜிபின் மூணாறு பக்கத்து எஸ்டேட்டிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த டிரைவர். வண்டி கழுவும்போது நனையாமல் இருக்க மூட்டையைக் கல்லின்மேல் வைத்திருக்கிறார். அந்தக் கல்லின் வழக்கத்தை அவருக்கு யாரும் சொல்லவில்லை. திரும்பி வந்து பார்த்துவிட்டு, தாகத்துக்கு மோரையும் குடித்திருக்கிறார். ஸ்டேஷனில் கேட்டபோது, "மூட்டையக் காணோம் சார், மோருதான் இருந்துச்சு" என்று உள்ளதைச் சொல்லியிருக்கிறார். கேலி பேசுகிறான் என்று நினைத்து ராத்திரி முழுவதும் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். உடனே மௌனிகாவைக் கூட்டிக்கொண்டு, மீதி மூட்டையோடு ஷெட் வண்டியில் இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன்.

மூட்டையை எடுத்தது நான். ஜிபின் எனக்குக் கொடுக்கவுமில்லை, விற்கவுமில்லை; இன்றுதான் அவர் முகத்தையே பார்க்கிறேன். மௌனிகா புகாரைத் திரும்பப் பெற எழுதிக் கொடுத்துவிட்டார். மூட்டை போகவேண்டியது கோயம்புத்தூருக்கு; அங்கே புது பேட்டரி செய்து பார்க்கிறவர்களுக்கு மீதிப் பொடியே போதுமாம்.

இதுவரை எழுதியதை வாசித்துக் காட்டக் கேட்டேன். எல்லாம் நடந்தபடியே இருக்கிறது, கூட்டவோ குறைக்கவோ ஒன்றுமில்லை. முதலில் கையெழுத்து, பிறகு ஜிபினை விடுகிறோம் என்று எழுதிய போலீஸ்காரர் சொன்னார். முதலில் ஜிபின், பிறகு கையெழுத்து என்று நான் சொன்னேன். ஜிபின் வெளியே வந்து, மூட்டையை வண்டியில் ஏற்றி, கோயம்புத்தூர் ரோட்டில் திரும்பியதைக் கண்ணால் பார்த்த பிறகே இதில் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
கமலாத்தாள்