அறுபதில் ஓடும் படகு

மருமகள்: மாமா, டார்ச்சை என் கண்ணுல அடிக்காதீங்க. டேஷ்போர்டுல அடிங்க.

மாமனார்: அங்க பாக்கறதுக்கு என்ன இருக்கு? நல்லா ஓடற மீட்டரைக் கழட்டியே தீருவேன்னு ஒத்தக் கால்ல நிக்கற நீ.

மருமகள்: அது பழசாயிடுச்சு. இது ஜிபிஎஸ் மீட்டர். சாட்டிலைட்டை வெச்சு வேகத்தைச் சொல்லும்.

மாமனார்: என் படகோட வேகத்தை ஆகாசத்துல இருந்து ஒருத்தன் சொல்லணுமா? ஆறு வருஷமா அறுபது கிலோமீட்டர் வேகத்துல போகுது. ஊருக்கே தெரியும்.

மருமகள்: ஊருக்கு நீங்க சொல்லித்தான மாமா தெரியும்...

மாமனார்: யார் சொன்னா என்ன? நாளைக்குக் காலையில பந்தயத்துல உங்கப்பாவே கண்ணால பாக்கப் போறாரு. சம்பந்தியாச்சேன்னு எல்லாம் விட மாட்டேன்.

மருமகள்: அதான் எனக்குப் பயமே.

மாமனார்: என்னது?

மருமகள்: ஒண்ணுமில்ல, அந்த ஸ்க்ரூடிரைவரைக் கொடுங்க.

மாமனார்: இந்தா. தன் படகு அம்பதுக்கு மேல போகாதுன்னு அவரே ஒத்துக்கறாரு. அப்புறம் எதுக்குய்யா பந்தயம்னா, "உங்க அறுபதைப் பக்கத்துல இருந்து பாக்கணும் சம்பந்தி"ங்கறாரு. அதுல ஒரு சிரிப்பு வேற. குசும்பு புடிச்ச மனுஷன்!

மருமகள்: நீங்க போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்களேன் மாமா. அதுக்குள்ள முடிச்சிடறேன்.

மாமனார்: குடிச்சாச்சு.

மருமகள்: இன்னொண்ணு...

மாமனார்: வந்ததுல இருந்து என்னைத் துரத்தறதுலயே குறியா இருக்க. டேஷ்போர்டுக்குப் பின்னாடி புதையல் எதுவும் வெச்சிருக்கியா?

மருமகள்: ஒயர்தான் இருக்கு. சிவப்பு பேட்டரிக்கு, கறுப்பு எர்த்துக்கு... சரி, இந்த வட்ட டப்பாவைக் கொண்டுபோய்க் கூரைக்கு மேல வைங்க. அதுக்கு வானம் தெரியணும்.

மாமனார்: வெச்சாச்சு. தெரியுதான்னு அதுகிட்டயே கேக்கவா?

மருமகள்: அங்கயே நில்லுங்க! உள்ள வராதீங்க!

மாமனார்: ஏன்?

மருமகள்: அது... ஆடாம புடிச்சுக்கணும்.

மாமனார்: அலையில குதிக்கற படகுல வெக்கற சாமான். அதை நான் ஆடாம புடிச்சுக்கணும்! நல்லா இருக்கும்மா கதை. நகரு, உள்ள வரேன்.

மருமகள்: மாமா, இன்னும் பழசைக் கழட்டல...

மாமனார்: தெரியுது. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல எரியட்டுமே, அழகா இருக்கும். சாவியைப் போடு.

மருமகள்: போட்டாச்சு. பாருங்க, புதுசுக்கு சாட்டிலைட் கிடைச்சிடுச்சு. பூஜ்யம் காட்டுது.

மாமனார்: கரையில கட்டிப் போட்டா பூஜ்யம்தான். இப்ப எஞ்சினை எழுப்பறேன்.

மருமகள்: வேணாம் மாமா! எஞ்சின் எதுக்கு... ஐயோ, ஆக்சிலேட்டரைத் தொடாதீங்க!

மாமனார்: கியர்கூடப் போடல, ஏன் பதறற? அட... பழசைப் பாரேன். இருபது... முப்பது... நாப்பது! கட்டிப் போட்டும் நாப்பதுல பறக்குது என் தங்கம்!

மருமகள்: ஆஃப் பண்ணுங்க மாமா... ப்ளீஸ்.

மாமனார்: பண்ணிட்டேன். இதுக்கு எதுக்கு அழற?

மருமகள்: நான்தான் மாமா தப்பா மாட்டிட்டேன். கல்யாணமாகி வந்த பத்தாவது நாள், இந்த வீட்டுல நான் செஞ்ச மொத வேலை. படகுக்கு அடியில தண்ணி வேகத்துக்குச் சுத்தற குட்டிச் சக்கரத்துல இருந்து ஒரு ஒயர், எஞ்சின்ல இருந்து ஒரு ஒயர். ரெண்டும் ஒரே சாம்பல் கலரு. மாத்திக் கொடுத்துட்டேன். எஞ்சின் சுத்தறதைத்தான் அது வேகம்னு காட்டிட்டிருக்கு.

மாமனார்: ஓகோ... இது உனக்கு எப்பத் தெரியும்?

மருமகள்: நீங்க பந்தயத்துக்கு ஒத்துக்கிட்ட அன்னிக்குத்தான் சந்தேகம் வந்து பிரிச்சுப் பாத்தேன். உங்க பையன் போன்ல அளந்தாரு. நாப்பத்தஞ்சைத் தாண்டல மாமா. நாளைக்கு அத்தனை பேர் முன்னாடி நீங்க தோத்துத் தலைகுனிஞ்சா அதுக்கு நான்தான காரணம்? இதை மாத்திட்டா ஓட்டிப் பாத்து நீங்களே பந்தயத்தை விட்டுடுவீங்கன்னு...

மாமனார்: மூக்கைத் துடை மொதல்ல. நீ மாட்டின அந்த வாரமே எனக்குத் தெரியும்.

மருமகள்: என்னது!

மாமனார்: நங்கூரம் போட்டு, எஞ்சினை அணைக்காம மீன் புடிச்சிட்டு உக்காந்திருக்கேன், பதினஞ்சுல போறேங்குது. என்னை என்ன அவ்வளவு மக்குன்னா நெனச்ச?

மருமகள்: தெரிஞ்சுமா மாமா ஆறு வருஷமா அறுபது அறுபதுன்னு...? தெரிஞ்சுமா பந்தயத்துக்கு ஒத்துக்கிட்டீங்க?

மாமனார்: பின்ன என்ன பண்ணச் சொல்ற? "என் பொண்ணு கொடுத்த ஒயர் தப்பாப் போகாது சம்பந்தி"ன்னு உங்கப்பன் கல்யாணப் பந்தல்லயே மார்தட்டிட்டுப் போயிட்டான். நீ என்னடான்னா அதை மாட்டிட்டு என் மூஞ்சியையே பாத்துட்டு நிக்கற. எனக்கு வாயில அறுபதுதான் வந்துச்சு... நாளைக்குத் தோத்தா எஞ்சின் மக்கர் பண்ணிடுச்சுன்னு சொல்லிக்கறேன், நீ சீக்கிரம் அந்தச் சாம்பல் ஒயரைப் புடுங்கு. அந்த ஆளு ஒயர்மேன், பாத்தான்னா கண்டுபுடிச்சிடுவான்!