கட்சியை மூடிய கூட்டம்

ஐம்பதுகளின் கடைசியில் ஒருநாள், ராகலையிலிருந்து நுவரெலியா போகும் பஸ்ஸில், முன் சீட்டுப் பெண் பக்கத்திலிருந்த பெரியவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"நான் கடைசியா ஓட்டுப் போட்டது நம்ம கட்சிய மூடுறதுக்குத்தாங்க, உபதேசியாரே."

தேயிலைத் தோட்டத்து மாதா கோயிலில் ஜெபம் சொல்லிக் கொடுத்த அவர்தான் அந்தச் சின்னக் கட்சியைத் தொடங்கியவர் என்பது போகப் போகப் புரிந்தது.

"கொழுந்து எடுக்குறவங்களும் கடவுளோட சாயல்தான்னு லயத்து வீடு வீடாப் போய் சொன்னோம். வேதக்காரங்க கட்சின்னு பேரு. ஆனா மாரியம்மன் கோயில் ஆளுங்களும் வந்தாங்களே," என்றார்.

"வந்தாங்க. பொறவு பிரஜாவுரிமை இல்லன்னு நம்ம ஓட்டெல்லாம் போச்சு. ஓட்டு இல்லாதவங்களுக்குக் கட்சி எதுக்குன்னு கூட்டத்துல நம்ம கட்சி டவுன் தலைவர் கேட்டாரு. மூடச் சம்மதம்னா கை தூக்கச் சொன்னாரு. மொத ஆளா நீங்க தூக்குனீங்க. அதப் பாத்துத்தான் நாங்களும் தூக்குனோம்."

பஸ் இரண்டு வளைவு ஏறியபின் பெரியவர் அவள் பக்கம் திரும்பினார்.

"நான் சம்மதம்னு தூக்கலம்மா. மூட வேணாம்னு பேசுறதுக்கு எடம் கேட்டுத் தூக்குனேன். திரும்பிப் பாத்தா எல்லார் கையும் மேல இருக்கு."

"அப்பவே சொல்லியிருக்கலாமேங்க."

"உங்க விருப்பம் அதுதான்னு நெனச்சிட்டேன்."

அந்தப் பெண் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஒருத்தருக்கும் விருப்பம் இல்லீங்க," என்றாள்.